மூன்று ஊரும் ஒரு பந்தியும்

பட்டணம் பார்க்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கண்ணால் பார்ப்பவர்கள் ஒரு வகை. நாக்கால் பார்ப்பவர்கள் மற்றொரு வகை. முதல் வகையார் கலங்கரை விளக்கம், கடற்கரை, அரும்பொருட் காட்சிச்சாலை எல்லாவற்றையும் சுற்றிவிட்டுக் கால் வலியுடன் ஊர் திரும்புவார்கள். இரண்டாம் வகையார் வயிற்று வலியுடன் திரும்புவார்கள். நாங்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள் என்பதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

ஆனால், நாக்கால் பார்ப்பவர்களுக்கும் ஒரு சம்பிரதாயம் ஏற்பட்டிருக்கிறது. மயிலாப்பூரில் இட்டிலி, திருவல்லிக்கேணியில் காபி, சௌகார்பேட்டையில் ஜிலேபி, பாரிமுனைப் பக்கம் போனால் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்று, க்ஷேத்திர யாத்திரைக்குப் போல ஒரு கிரமம் வகுத்து வைத்திருக்கிறார்கள். மேற்குத் திசைக்கு மட்டும் இந்தக் கிரமத்தில் இடமில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சொன்னால், "அங்கே தொழிற்சாலையும் லாரியும் தவிர என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். தொழிற்சாலை இருக்கும் இடத்தில் தொழிலாளி இருப்பான். தொழிலாளி இருக்கும் இடத்தில் பசி இருக்கும். பசி இருக்கும் இடத்தில்தான் நல்ல சமையல் பிறக்கும் என்பது எங்கள் சித்தாந்தம். இந்தச் சித்தாந்தத்தைப் பரீட்சித்துப் பார்த்துவிடுவது என்று தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் புறப்பட்டோம்.

புறப்பாடு

நாங்கள் ஏழு பேர். வக்கீல் நண்பர் ஒருவர். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர். பாங்கியில் வேலை பார்க்கும் கணவனும் மனைவியும். எதைத் தின்றாலும் ஜீரணித்துவிடக் கூடிய வயதிலுள்ள கல்லூரி மாணவன் ஒருவன். இந்தக் கட்டுரையை எழுதும் பாவத்தைச் செய்யும் நாம். ஏழாவதாக, வக்கீல் நண்பரின் அத்தை. எண்பது வயதை நெருங்கும் அந்த அம்மாளை எல்லோரும் பாட்டி என்றே அழைத்தோம்.

பாட்டி சேர்ந்துகொண்டதற்கு ஆகாரம் காரணமல்ல. பூந்தமல்லியில் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்பது வெகு நாளைய ஆசை, வண்டியோ அந்தப் பக்கம் போகிறது, அவ்வளவுதான். மற்றபடி, வெளியிடத்தில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று விரதம் வைத்திருப்பவர். நான்கு அடுக்குத் தூக்கு ஒன்றில் புளியோதரையும் தயிர் சாதமும், கூஜாவில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏழெட்டு வகைச் சாப்பாட்டைத் தேடிப் போகிற யாத்திரையில் எதையும் சாப்பிடாத யாத்திரிகர் ஒருவர்! "பத்தியம் இருப்பவரைக் கல்யாண விருந்துக்கு அழைத்துப் போவது போல இருக்கிறதே!" என்றார் பாங்கி நண்பர். பாட்டியின் காதில் விழவில்லை. அல்லது, விழாதது போல இருந்துவிட்டார்.

வாடகை வண்டியைத் தம்பி ஒருவன் ஓட்டினான். அதிகாலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம்.

கூழ்க்கடைச் சந்திப்பு

அம்பத்தூர் என்ற பெயருக்கு ஊரார் ஒரு காரணம் சொல்வதுண்டு. சக்தி க்ஷேத்திரங்களின் வரிசையில் இது ஐம்பத்தோராவது ஊராம். அதுவே மருவி அம்பத்தூர் ஆயிற்றாம். மற்ற ஐம்பதையும் ஒப்பிக்கச் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள். பெயர் எப்படி வந்திருந்தாலும், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி இது என்பதில் சந்தேகமில்லை. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் ஆங்கிலக் கம்பெனி ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து இங்கே சைக்கிள் தொழிற்சாலை தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் குரங்குப் பெடல் அடித்துப் பழகிய வண்டிகள் இங்கிருந்து போனவையே. பிறகு 1964-இல் சர்க்கார் இங்கே தொழிற்பேட்டையை அமைத்தார்கள். நெல் விளைந்த இடத்தில் திருகாணி விளையத் தொடங்கியது. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து, கிராமம் என்ற பழைய நினைப்பையும் விட்டுவிட்டது.

ஆனால், காலை ஏழு மணிக்குத் தொழிற்பேட்டை வீதியில் நின்று பார்ப்பவர்களுக்கு, கிராமம் அடியோடு போய்விடவில்லை என்பது தெரியும். வேப்ப மரத்தடியில் ஒரு தள்ளுவண்டி. அதன் மேல் இரண்டு பெரிய பானைகள். பக்கத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓர் அம்மாள். கேழ்வரகுக் கூழ்! முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யை வேகவிட்டு, அதில் மாவை ஊற்றிக் கட்டி விழாமல் கிளறி இறக்கி, இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் மோரும் உப்பும் விட்டுக் கையால் கரைக்க வேண்டும். அப்படிக் கரைத்த கூழைச் சொம்பு நிறைய வார்த்து, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு ஆகிய பரிவாரங்களுடன் கையில் கொடுக்கிறார். வேண்டுபவர்களுக்குக் கருவாட்டுக் குழம்பும் உண்டு. எட்டு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்றபடியே குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நடக்கிறார்கள். பகல் ஒரு மணி வரையில் பசி அவர்கள் கிட்டே வராது.

2023-ஆம் ஆண்டைச் சிறுதானியங்களின் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. இந்தியாதான் அதை முன்மொழிந்தது. கேழ்வரகுக்கும் கம்புக்கும் உலகத்தார் பாராட்டுரை வாசித்தார்கள். நட்சத்திர ஹோட்டல்களில் கேழ்வரகைப் பீங்கான் தட்டில் வைத்துப் பரிமாறினார்கள். இது எதுவும் இந்த அம்மாளுக்குத் தெரியாது. "ராகிக்கு வெலைதான் சார் ஏறிப்போச்சு" என்றார். உலகம் பாராட்டியதில் அவருக்குக் கிடைத்த பங்கு அதுதான் போலும்.

எங்கள் பக்கத்தில் நின்று கூழ் குடித்த இளைஞன் ஒருவன் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். சொந்த ஊர் ஒடிசா. கொஞ்சம் தமிழும் நிறையப் புன்னகையுமாக அவன் சொன்னது இது: முதலில் வந்தபோது இது என்ன சேற்று வர்ணத்தில் ஒரு வஸ்து என்று பயந்தானாம். ஒரு நாள் ருசி பார்த்தானாம். அடடா! புளிப்பு நாக்கில் பட்டதும் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டதாம். அவர்கள் ஊரில் சோற்றில் நீரூற்றிப் புளிக்க வைத்து உண்பார்கள். அதற்குப் பகாளா என்று பெயர்.

வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பாட்டி சட்டென்று தலையை வெளியே நீட்டி, "என்ன சொன்னான்? பகாளாபாத்தா?" என்று கேட்டார்.

நம் வீடுகளில் தயிர் சாதத்துக்குப் பகாளாபாத் என்று ஒரு பெயர் வழங்குவது நேயர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். பூரி ஜகந்நாதருக்கும் இந்தப் பகாளா நைவேத்தியம் ஆவதுண்டு என்று வக்கீல் நண்பர் விளக்கினார். அந்தக் கோயிலின் மகாபிரசாதத்தை யார் கை பட்டது என்று பாராமல், ஆனந்த பஜார் என்ற இடத்தில் எல்லா ஜாதியாரும் பகிர்ந்து உண்பது தொன்றுதொட்ட வழக்கம் என்றும் சொன்னார். பாட்டி ஒரு நிமிஷம் யோசித்தார். "ஜகந்நாதன் சாப்பிடுகிறான் என்றால் சரிதான்" என்று தீர்ப்பளித்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அங்கிருந்து அம்மா உணவகம் ஒன்றுக்குப் போனோம். 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி இவற்றைத் திறந்தபோது இட்டிலி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று விலை வைத்தார்கள். சுயஉதவிக் குழுப் பெண்களே சமைத்துப் பரிமாறுகிறார்கள். இங்கே நாற்காலி கிடையாது. உயரமான மேஜைகளைச் சுற்றி நின்று சாப்பிட வேண்டும். கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய குமாஸ்தா ஒருவர், சுமை தூக்குபவர், பரீட்சைக்குப் படிக்கும் மாணவி, யாரும் கவனிக்க ஆளில்லாத கிழவர் ஆகிய நால்வரும் ஒரே மேஜையைச் சுற்றி நின்றார்கள். சாம்பாரைப் பற்றி எங்களுக்குள் அபிப்பிராய பேதம் இருந்தது. அந்த மேஜையைப் பற்றி இல்லை.

ஆவடித் தீர்மானம்

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரையில் ரயில் பாதை எங்களுடன் கூடவே வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடியது இந்தத் தடத்தில்தான். ஆகையால் மேற்குப் புறநகரை ஒன்றுமில்லாத இடம் என்று சொல்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஆவடிக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடியது. பந்தலிட்ட இடத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். தேபர் அக்கிராசனர், நேரு பிரதம மந்திரி, நம் காமராஜர் முதல் மந்திரியாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. சோஷலிஸ மாதிரியான சமுதாயத்தை அமைப்பதே தேசத்தின் நோக்கம் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. தீர்மானங்கள் பொதுவாகக் காகிதத்தில் இருப்பவை. ஆனால் அடுத்த வருஷமே, 1956-இல், காமராஜர் பள்ளிக்கூடங்களில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். கல்வி இலாகாவின் தலைவராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதை ஊர் ஊராகப் பரப்பினார். ஏழைக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றை உண்டார்கள். ஆவடித் தீர்மானம் தட்டில் விழுந்த இடம் அது என்று சொன்னால் தவறில்லை.

1961-இல் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-இல் விஜயந்தா என்ற டாங்கி அதிலிருந்து வெளிவந்தது. டாங்கி வந்த வாசல் வழியே தேசம் முழுவதும் ஆவடிக்கு வந்து சேர்ந்தது. பஞ்சாபியர், வங்காளிகள், மராத்தியர், மலையாளிகள் என்று குடியிருப்புகள் நிறைந்தன. வந்தவர்கள் சும்மா வரவில்லை. அவரவர் அடுப்பையும் கொண்டுவந்தார்கள். ஆகவே ஆவடிக் கடைவீதியில் கடுகெண்ணெய் வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடக்கின்றன.

பகல் போஜனத்துக்கு நாங்கள் தேர்ந்தது ஒரு சிறிய பஞ்சாபிக் கடை. வாசலில் வண்டியை நிறுத்த இடமில்லை. அரை மைல் தள்ளி ஒரு புளிய மரத்தடியில் நிறுத்திக்கொள்ளும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனோம். தந்தூரி அடுப்பின் சுவரில் ஒட்டவைத்துச் சுட்டு, கம்பியால் எடுத்துப் போடும் ரொட்டி. பெரிய கொண்டைக்கடலையை மசாலாவில் வேகவைத்த சோளே. பூரியின் பெரியண்ணனைப் போல உப்பிய பட்டூரா. சிவப்புக் காராமணி மாதிரி இருந்து காராமணி அல்லாத ராஜ்மா. ஒரு முழங்கை உயரத் தம்ளரில் லஸ்ஸி. மாணவன் மூன்றாவது பட்டூராவில் நிறுத்தினான். அதுவும், கடையில் தீர்ந்துவிட்டபடியால்.

பாட்டி ஓர் ஓரத்தில் உட்கார்ந்து கூஜாத் தண்ணீரைக் குடித்தார். தூக்கைத் திறக்கவில்லை. பெருமாளைச் சேவித்த பிறகுதான் ஆகாரமாம். அடிக்கடி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே புழுக்கம் அதிகம் போலும் என்று நினைத்தோம்.

சாப்பிட்டு முடிந்ததும் வக்கீல் நண்பருக்குப் பேச்சு வந்துவிட்டது. சீக்கியர்களின் குருத்வாராக்களில் நடக்கும் லங்கர் என்ற அன்னதானத்தைப் பற்றி அவர் சொன்னார். அரசனானாலும் ஆண்டியானாலும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்துதான் உண்ண வேண்டும். அக்பர் பாதுஷாவே குரு அமர்தாஸைக் காண வந்தபோது அப்படி உட்கார்ந்து சாப்பிட்டார் என்று அவர்கள் சொல்வதுண்டு. அந்த வரிசைக்கு அவர்கள் மொழியில் பங்கத் என்று பெயர். நாம் பந்தி என்கிறோம். இரண்டும் பங்க்தி என்ற ஒரே சமஸ்கிருத வார்த்தையிலிருந்து பிறந்தவை.

"வார்த்தை ஒன்றுதான். நாம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தோம்?" என்று மேஜையைத் தட்டினார் வக்கீல். "அவர்கள் எல்லோரையும் உட்கார வைக்கப் பந்தி போட்டார்கள், நாம் யார் யாரை எழுப்பிவிடலாம் என்று பார்க்கப் பந்தி போட்டோம். தேச சேவைக்காக வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலமே 1924, 25-ஆம் வருஷங்களில் எதனால் ஆடிப்போயிற்று? சில பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதனால்தானே? ரயிலில் எல்லோரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டேஷனில் இறங்கிச் சாப்பிடப் போனால் பிராமணர்களுக்கு ஓர் இடம், இதரர்களுக்கு ஓர் இடம். அது ஒழிய 1941 வரையில் போராட வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்தப் பலகைகள் எங்கே? போயே போய்விட்டன! இதோ, நாம் எல்லோரும் ஒரே மேஜையில்!"

நாங்கள் கை தட்டினோம். கடைக்காரச் சீக்கியரும், தமிழ்ப் பிரசங்கம் எவ்வளவு தூரம் புரிந்ததோ தெரியாது, எங்கள் உற்சாகத்தைப் பார்த்துத் தாமும் கை தட்டினார்.

சாவடிகள் மூன்று

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற சாலையில் பருத்திப்பட்டு ஏரி வருகிறது. வெயில் தாழும் நேரத்தில் ஏரிக் காற்று, பகல் போஜனத்தின் பாரத்தைச் சற்று இறக்கிவைத்தது.

பூந்தமல்லியை நெருங்கும்போது ஊர்ப் பெயர்களைக் கவனிக்க வேண்டும். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் சாவடிகளாகவே இருக்கின்றன. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் இறங்கி இளைப்பாறும் இடம் அல்லவா? சென்னையிலிருந்து காஞ்சிக்கும் ஆர்க்காட்டுக்கும் மைசூருக்கும் போகிற பெருவழி இது. கட்டுச்சோற்று மூட்டையுடன் நடந்தவர்களும், மாட்டு வண்டிக்காரர்களும், குதிரைப்படைச் சிப்பாய்களும் இங்கே தங்கி அடுப்பு மூட்டியிருப்பார்கள். இன்றைக்கு அதே வழியில் பெங்களூர் லாரிகள் ஓடுகின்றன. அடுப்பு மட்டும் அணையவில்லை.

அந்த அடுப்பின் மேல் இப்போது இருப்பது பிரியாணி அண்டா. ஆர்க்காட்டு நவாபுகளின் சமையற்கட்டிலிருந்து ஆம்பூருக்குப் போனதாகச் சொல்லப்படும் கைப்பக்குவம், அதே சாலை வழியாகக் கிழக்கே திரும்பிப் பூந்தமல்லிக்கு வந்து கடை விரித்திருக்கிறது. நீண்ட அரிசி அதற்கு உதவாது. சீரகச் சம்பாதான் வேண்டும். மணி மணியாக இருக்கும் அந்த அரிசி, இறைச்சியின் சாரத்தை உள்வாங்கிக்கொண்டும் குழையாமல் நிற்கும். அண்டாவை மூடி, மூடியின் மேல் தணலைக் கொட்டித் தம் போடுகிறார்கள். திறக்கிற தருணத்தில் கடைக்கு வெளியே நிற்பவர்களும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். துணைக்குப் புளிப்பான கத்திரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும்.

கரையான்சாவடியில் நாங்கள் இறங்கினோம். பாங்கி நண்பரின் மனைவியும் ஆசிரியையும் சைவம். அவர்கள் பரோட்டாவும் குருமாவும் வாங்கிக்கொண்டு அதே மேஜையில் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் இலையை ஒருவர் குற்றம் சொல்லாமல் சாப்பிட்டோம். பாட்டி வண்டியை விட்டு இறங்கவில்லை. "நீங்கள் போய் வாருங்கள். எனக்குத் துணைக்கு இந்தப் பிள்ளை இருக்கிறான்" என்று சொல்லிவிட்டார்.

இலை எடுத்த கதை

பூந்தமல்லியின் முழுப் பெயர் பூவிருந்தவல்லி. இங்கே கோயில் கொண்டிருப்பவர் வரதராஜப் பெருமாள்; தாயாருக்குப் புஷ்பவல்லி என்று திருநாமம். இதே ஊரில் கோல்கொண்டா ஆட்சிக் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், எழும்பிய பள்ளிவாசலும் இருக்கிறது. பிறகு ஆங்கிலேயர் படை வீடு அமைத்தார்கள். எத்தனையோ பேர் வந்து தங்கிப் போன ஊர்.

கோயிலில் திருக்கச்சி நம்பிகளுக்குத் தனிச் சந்நிதி உண்டு. அவர் பிறந்த ஊர் இது. இங்கே பூத்த மலர்களைக் காஞ்சிக்குக் கொண்டுபோய் வரதராஜனுக்குச் சாத்தி, ஆலவட்டம் வீசிக் கைங்கரியம் செய்தவர். பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, வெளியே மண்டபத்துப் படியில் நாங்கள் உட்கார்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். மாணவன்தான் கேட்டான்: "இவர் யார், பாட்டி?"

பாட்டி சொன்ன கதை குருபரம்பரை நூல்களில் உள்ள கதைதான். ஸ்ரீ ராமாநுஜர் துறவு கொள்வதற்கு முன், காஞ்சியில் இல்லறத்தில் இருந்த காலம். நம்பிகள் வைசிய குலத்தவர். அவரைக் குருவாகக் கொண்டாட வேண்டும், அவர் உண்டு மிச்சம் வைத்ததைத் தாம் உண்ண வேண்டும் என்று ராமாநுஜருக்கு ஆசை. வீட்டில் தளிகை செய்யச் சொல்லிவிட்டு, நம்பிகளை அழைத்துவர ஒரு தெரு வழியே போனார். நம்பிகளோ வேறு தெரு வழியே வந்துவிட்டார். கோயில் கைங்கரியத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, அவசரமாக உண்டுவிட்டுப் போனார். ராமாநுஜர் திரும்பி வந்து பார்த்தால், அவருடைய மனைவி இலையை ஒரு கோலால் தள்ளி வெளியே எறிந்து, இடத்தை மெழுகி, ஸ்நானமும் செய்துவிட்டு, புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். ராமாநுஜரின் மனம் உடைந்தது. அவர் இல்லறத்தை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

"அந்த அம்மாள் கெட்டவள் இல்லை" என்றார் பாட்டி. "வழக்கம் எதுவோ அதைச் செய்தாள். யோசிக்கவில்லை. அவ்வளவுதான்."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் மருமானின் பக்கம் திரும்பினார். "ஏனப்பா, பலகையெல்லாம் போயே போய்விட்டது என்றாயே? காலையிலிருந்து நமக்கு வண்டி ஓட்டுகிறானே ஒரு பிள்ளை, அவன் எங்கே சாப்பிட்டான்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"பேட்டா கொடுத்துவிட்டோமே, அத்தை" என்றார் வக்கீல்.

"காசு கொடுத்தால் இலை போட்டதாகுமா? காலையில் ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டானாம். மத்தியானம் வண்டியை விட்டு நகர முடியவில்லையாம். அந்த ரொட்டிக் கடையில் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், யாராவது போய்க் கூப்பிடுவீர்களோ என்று. சாயங்காலம் நீங்கள் பிரியாணி சாப்பிடும்போது அவனைக் கேட்டேன். பசியில்லை, பாட்டி என்றான். எனக்கு மூன்று பிள்ளைகள். பசியில்லை என்று எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?"

எட்டாவது இலை

நேயர்களிடம் ஒளிப்பானேன்? அந்த ஒரு நிமிஷத்தில் நாங்கள் காலையிலிருந்து சாப்பிட்டதெல்லாம் தொண்டையில் வந்து நின்றது. அன்றைய தினம் முழுவதும் நாங்கள் பந்தியைப் பற்றியே பேசியிருக்கிறோம். ஒடிசாக்காரன் கூழ் குடிப்பதைக் கண்டு மனம் நெகிழ்ந்தோம். நால்வர் ஒரு மேஜையில் நின்றதைக் கண்டு பெருமைப்பட்டோம். லங்கரைப் பற்றிக் கேட்டுக் கை தட்டினோம். அரை மைலுக்கு அப்பால் புளிய மரத்தடியில் ஒருவன் பட்டினியாக உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் விலக்கவில்லை, நினைக்கவில்லை. பழைய பந்திக்குப் பலகை இருந்தது. பலகையைக் கழற்றப் போராடலாம். புதிய பந்திக்குப் பலகையே இல்லை. நம் வீட்டுக்கு வந்து வேலை செய்யும் பெண்மணிக்கென்று சுவர் ஓரத்தில் ஒரு தம்ளர் தனியாக இருக்கிறதா என்று இன்றே சமையலறையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதை யார், என்றைக்கு, எதற்காக அங்கே வைத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது.

மாணவன் ஓடிப் போய்த் தம்பியை அழைத்துவந்தான். பாட்டி தூக்கைத் திறந்தார். கடையில் வாங்கிவந்த இலைகளை விரித்து, அவரே எல்லோருக்கும் பரிமாறினார். முதல் இலை தம்பிக்கு. அவன் கூச்சத்துடன் ஒரு படி கீழே போய் உட்கார்ந்தான். பாட்டி தமக்குப் பக்கத்தில் படியைத் தட்டிக் காட்டி, "இங்கே உட்கார், குழந்தாய். அங்கே இருந்தால் எனக்குக் குனிந்து போட முடியாது" என்றார். அவன் எழுந்து வந்து உட்கார்ந்தான். அப்புறம் பாட்டி தமக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் அமர்ந்தார். புளியோதரையில் நிலக்கடலை முறுக்காக இருந்தது. தயிர் சாதம் பொழுதெல்லாம் வண்டியில் வந்தும் புளிக்கவில்லை. மூன்று ஊரில் பத்து வகை சாப்பிட்டவர்கள் சொல்கிறோம்: அன்றைக்கு அதற்கு ஈடாக எதுவும் இல்லை.

சாப்பிட்டதும் தம்பி எழுந்து எதிர்த்த கடைக்குப் போனான். எட்டுக் காகிதக் குவளைகளில் டீ வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தான். பாட்டியின் முன்னால் வந்ததும் தயங்கி நின்றான். வெளியே தண்ணீர்கூடக் குடிக்காதவர் என்பது அவனுக்கும் தெரியும். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாட்டி கையை நீட்டிக் குவளையை வாங்கிக்கொண்டார். நிதானமாக ஊதி ஊதிக் குடித்தார்.

"எப்படி இருக்கிறது, பாட்டி?" என்று கேட்டான் தம்பி.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார் பாட்டி.

மேற்குப் புறநகரில் என்ன கிடைக்கும் என்று இனி யாராவது எங்களைக் கேட்டால், கூழிலிருந்து பிரியாணி வரையில் ஒப்பிக்கத் தயாராக இருக்கிறோம். போகிறவர்கள் போய்ச் சாப்பிட்டுச் சந்தோஷமாகத் திரும்பட்டும். எங்கள் சித்தாந்தம் தோற்கவில்லை.

ஒரு பிழை திருத்தம் மட்டும் பாக்கி இருக்கிறது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில், "நாங்கள் ஏழு பேர்" என்று எழுதியிருக்கிறோம். நேயர்கள் அதை எட்டுப் பேர் என்று திருத்தி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.